வாரத்துக்கு ஏழு நாள்

1984-ல் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் கிளார்க்காகச் சேர்ந்தேன். செக்ரோல் என்பது தோட்டத்துக்காரர்களுக்கு மட்டுமே பழகிய சொல். மேசை அகலத்துக்கு விரியும் ஒரு பேரேடு. ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு 31 கட்டம். வேலைக்கு வந்த நாளில் ஒரு குறி, அதன் கீழே பொடி எழுத்தில் அன்றைக்குப் பறித்த கொழுந்து எத்தனை கிலோ என்ற கணக்கு. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் எடுக்கும் பேரும், சாயங்காலம் நிறுவையில் விழும் எடையும் சீட்டாக ஆபீசுக்கு வரும். அதைப் பேரேட்டில் ஏற்றி, மாதக் கடைசியில் கூட்டி, கழித்து, ஆளுக்கு இவ்வளவு என்று போடுவதுதான் என் வேலை. கூட்டலில் நான் கெட்டிக்காரன். பெருக்கலில்தான் மாட்டிக்கொண்டேன்.

சேர்ந்து மூன்றாவது மாதம் பிரசவக் காசுக் கணக்கு ஒன்று என் மேசைக்கு வந்தது. கொழுந்து பறிக்கும் பெண். பிரசவம் முடிந்து வீட்டில் இருந்தாள். அப்போது சட்டம் கொடுத்தது 12 வாரம்: பிரசவத்துக்கு முன்னால் ஆறு, பின்னால் ஆறு. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 160 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அதெல்லாம் இருந்தது. விடுப்பில் போவதற்கு முந்தைய மூன்று மாதக் கூலியைக் கூட்டினேன். அந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வந்தாளோ அந்த எண்ணால் வகுத்தேன். ஒரு நாள் சராசரிக் கூலி கிடைத்தது. இதுவரை எல்லாம் சட்டப்படி சரி.

அடுத்து அதை எத்தனை நாளால் பெருக்குவது? தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கிடையாது. வாரத்துக்கு ஆறு நாள், 12 வாரத்துக்கு 72 நாள். பெருக்கி, அடியில் இரண்டு கோடு போட்டு, வவுச்சரைப் பெரிய கிளார்க்கின் தட்டில் வைத்தேன்.

சம்பள நாளன்று அந்தப் பெண்ணே வந்து ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்றாள். கையில் துணியில் சுற்றிய குழந்தை. காசை எண்ணிப் பார்த்துவிட்டு நகரவில்லை.

"எங்க அக்காளுக்குப் போன வருசம் எம்பத்தி நாலு நாளு போட்டாங்கய்யா. எனக்கு என்னங்கய்யா எழுவத்திரெண்டு?"

ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி இல்லையம்மா, யாருக்கும் இல்லை, உனக்கு மட்டும் எப்படிப் போடுவது என்றேன். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம எம்புள்ள பாலு குடிக்காம இருந்துச்சாங்கய்யா?"

பெரிய கிளார்க் அதுவரை தலை நிமிராமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, வவுச்சரை என் கையிலிருந்து வாங்கி, 72-ஐ அடித்துவிட்டு 84 என்று எழுதினார். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். மீதிக் காசை அவரே எண்ணிக் கொடுத்தார். அவள் போன பிறகு என்னைப் பார்த்து, "இந்தத் தப்பப் பண்ணின மொத ஆளு நீ இல்ல தம்பி. உனக்கு முன்னால பெரிய ஆளுங்க பண்ணி, இதே கணக்கு டெல்லி வரைக்கும் போயிட்டு வந்தாச்சு" என்றார்.

அவர் சொன்ன வழக்கைப் பிற்பாடு நானே தேடிப் படித்தேன். மகப்பேறு நலச் சட்டம் 1961-ல் வந்தது. மவுண்ட் ஸ்டூவர்ட் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு 1967 டிசம்பர் 16-ஆம் தேதி குழந்தை பிறந்தது. தோட்டம் அவளுக்கு நான் போட்ட கணக்கையே போட்டது: பன்னிரண்டு ஞாயிறுகளைக் கழித்துவிட்டு 72 நாள். அவள் கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனாள். வாரம் என்றால் ஏழு நாள், எனக்கு 84 நாள் காசு வேண்டும் என்று கேட்டாள். அங்கே ஜெயித்தாள். தோட்டம் சென்னை உயர் நீதிமன்றம் போனது, அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம். பி. ஷா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருப்பது இதுதான். 1977 அக்டோபர் 12-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்ந்ததுதான். அந்தக் குழந்தைக்கு அப்போது பத்து வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. தீர்ப்புக்கு ஏழு வருடம் கழித்து, அதே மலையில், நான் மறுபடியும் 72 என்று எழுதியிருக்கிறேன்.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. வகுக்கும்போது வேலை செய்த நாளால் மட்டும் வகுக்கிறோம். பெருக்கும்போது ஞாயிறையும் சேர்த்துப் பெருக்குகிறோம். ஆறு நாள் கூலிக்காரிக்கு ஏழு நாளும் கூலி விழுகிறது. எண்ணுக்காக ஒரு நாள் கூலி 15 ரூபாய் என்று வையுங்கள். வேலைக்கு வந்திருந்தால் 12 வாரத்தில் 1,080 ரூபாய் சம்பாதித்திருப்பாள். பிரசவ விடுப்பில் 1,260 ரூபாய் வரும். வீட்டில் இருப்பவளுக்கு வேலைக்கு வருபவளைவிட அதிகமா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கும் முதலாளிகள் உண்டு. ஆமாம், அதிகம்தான். நீதிமன்றம் தெரிந்தே சொன்னது: அவள் வாங்கிக்கொண்டிருந்த கூலி முழுவதும், அதற்கு மேல் அந்தக் காலத்தில் விழும் ஞாயிறுகளின் கூலியும் அவளுக்குச் சேர வேண்டும் என்று. பிரசவம் ஆன உடம்பு செலவில்லாமல் தேறுவதில்லை. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பெரிய கிளார்க்கிடம் இன்னும் ஐந்து வருடம் இருந்தேன். அவர் எனக்குக் கற்றுத் தந்ததெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பாடம்தான். வகுபடும் எண்ணுக்குள் எதெல்லாம் வரும், வகுக்கிற எண்ணில் எந்த நாளெல்லாம் வரும். இந்த இரண்டையும் சரியாகப் போட்டுவிட்டால் மீதியைப் பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுவிடும்.

கூலி என்றால் எது? அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் எல்லோருக்கும் தெரியும். கொழுந்துப் பறிப்பில் குறித்த அளவுக்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு உண்டு. வேறொரு கணக்கில் நான் அதை விட்டுவிட்டிருந்தேன். போனஸ் மாதிரிதானே என்று நினைப்பு. அன்றைய சட்டம் தீபாவளி போனசை வெளியே தள்ளியது. உழைப்புக்கு ஏற்ற ஊக்கத் தொகையை உள்ளே எடுத்துக்கொண்டது. தோட்டம் சலுகை விலையில் அரிசி கொடுத்தால் அந்தச் சலுகையின் பண மதிப்பும் உள்ளே. வீட்டு வாடகைப் படியும் அப்போது உள்ளே. ஓவர்டைம் காசு வெளியே. அபராதமாகப் பிடித்தது, வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி கட்டியது இவையும் கணக்கில் வரவில்லை.

எந்த மூன்று மாதம் என்பதும் தோட்டத்தில் சாதாரண விஷயம் இல்லை. சித்திரை, வைகாசியில் கொழுந்து கொட்டும். சுறுசுறுப்பான கை ஒரு நாளில் குறித்த அளவைப் போல இரண்டு மடங்கு பறிக்கும். தை, மாசியில் பனியும் காய்ச்சலுமாகச் செடி சுருண்டு நிற்கும், கூடுதல் காசு என்ற பேச்சே இருக்காது. ஆடியில் விடுப்பில் போகிறவளின் சராசரியும் பங்குனியில் போகிறவளின் சராசரியும் ஒன்றாக இருக்காது. ஒரே லைன் வீட்டு வரிசையில் இருக்கும் இரண்டு பெண்கள், ஒரே நிறைப் பெட்டியில் கொட்டுகிறவர்கள், வேறு வேறு தொகை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆபீசில் யாரோ வேண்டியவருக்கு அதிகம் போட்டுவிட்டார் என்று பேச்சு வரும். செக்ரோலைத் திறந்து மாதம் மாதமாகக் காட்டிப் புரிய வைக்க நான் ஒரு மணி நேரம் செலவழித்த நாட்கள் உண்டு. தொகை போதாது என்று வந்தவர்கள்கூட, கணக்கைக் காட்டினால் சமாதானமாகப் போனார்கள். காட்டாமல் துரத்தினால்தான் சங்கத்துக்குப் போவார்கள்.

அப்புறம் 160 நாள் என்ற நிபந்தனை 1989 தொடக்கத்தில் 80 ஆகக் குறைந்தது. அதுவரை ஐந்தாறு நாள் குறைந்ததற்காகக் காசு இல்லாமல் திரும்பிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று மாதம் வாந்தியில் கிடந்து வேலைக்கு வராதவர்கள்தான் பெரும்பாலும். மழைக்கு வேலை நிறுத்தி லே-ஆஃப் கொடுத்த நாட்களும், சம்பளத்தோடு விடும் பண்டிகை விடுமுறைகளும் வேலை செய்த நாளாகவே எண்ணப்படும் என்பது பல கிளார்க்குகளுக்கு இன்றும் தெரியாது. எண்பதுக்கு இரண்டு நாள் குறைகிறது என்று யாராவது சொன்னால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

1993-ல் மலையிறங்கித் திருப்பூர் வந்தேன். ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ். பிறகு சொந்தமாகச் சின்ன ஆபீஸ் போட்டு, ஏழெட்டுக் கம்பெனிகளுக்குப் பி.எப்., ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வேலை பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன். இங்கே கணக்கு அடியோடு வேறு. ஈ.எஸ்.ஐ.க்குள் வரும் பெண்ணுக்குப் பிரசவக் காசை முதலாளி கொடுக்க வேண்டியதில்லை, ஈ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கும். இப்போது மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதற்குள் வருவார்கள். 2019 ஜூலையிலிருந்து முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள்.

அங்கே மூன்று மாதச் சராசரி இல்லை, ஆறு மாதம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. பிரசவக் காசுக்கு, அதற்கு முந்தைய ஒன்று அல்லது இரண்டு சந்தாக் காலங்களில் குறைந்தது 70 நாளுக்குச் சந்தா விழுந்திருக்க வேண்டும். இதை ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்வதை விட்டுவிட்டு, ஒரு காலண்டரைச் சுவரில் மாட்டி இரண்டு கலரில் கோடு போட்டு வைத்தேன். பச்சையில் கட்டினால் பச்சையில் வாங்கலாம், சிவப்பில் கட்டினால் சிவப்பில் வாங்கலாம். அது புரிந்தது.

திருப்பூரில் நான் பார்த்த பிழை சட்டப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. ஒரு எக்செல் கட்டத்தில் இருந்தது.

மாதாமாதம் சந்தா கட்ட ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஒரு எக்செல் ஷீட்டை ஏற்ற வேண்டும். ஆளின் எண், பெயர், எத்தனை நாளுக்குச் சம்பளம், மொத்தச் சம்பளம் எவ்வளவு. சந்தா போவது மொத்தச் சம்பளத்தின் மீது மட்டும். நாள் என்ற கட்டத்தில் எதைப் போட்டாலும் சலானில் ஒரு ரூபாய் கூடாது, குறையாது. அதனால் அந்தக் கட்டத்தை யாரும் மதிப்பதில்லை. 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில், மேல் வரிசையில் 30 என்று அடித்து, மவுசைப் பிடித்துக் கடைசி வரை இழுத்துவிடுவார்கள். இருநூறு பேருக்கும் 30 நாள்.

ஒரு கம்பெனியில் பழைய கிளார்க் வேலையை விட்டுப் போய், அந்த ஃபைல்களெல்லாம் என்னிடம் வந்தன. அடுத்த வாரமே அங்கே வேலை செய்யும் டெய்லர் பெண் ஒருத்தி வந்தாள். ஆறாம் மாதக் குழந்தை இடுப்பில். பிரசவக் காசு வங்கியில் விழுந்துவிட்டது, ஆனால் பக்கத்து மிஷின்காரிக்கு விழுந்ததைவிட ரொம்பக் குறைச்சல்.

"ஏனுங் சார், ரெண்டு பேரும் ஒரே பீஸ் ரேட்டுத்தானுங்களே? நான் அவளைக் காட்டியும் நெறயத்தான் தெச்சிருக்கறனுங்க."

"உன்ற சம்பளச் சீட்டு இருக்குதா கண்ணு?"

ஆறு சீட்டையும் ரேஷன் கார்டு உறையில் மடித்து வைத்திருந்தாள். எடுத்து மேசையில் பரப்பினேன். ஆறு மாதத்தில் மொத்தம் 66,300 ரூபாய். வேலைக்கு வந்து சம்பளம் வாங்கிய நாட்கள் 150. நாளுக்கு 442 ரூபாய். 26 வாரம் என்றால் 182 நாள். 442-ஐ 182-ஆல் பெருக்கினால் 80,444 ரூபாய் வர வேண்டும். கணினியைத் திறந்து பழைய ஷீட்டுகளைப் பார்த்தேன். ஆறு மாதமும் அவள் பேருக்கு நேரே 30, 30, 30. மொத்தம் 180 நாள். 66,300-ஐ 180-ஆல் வகுத்தால் நாளுக்கு 368 ரூபாய்ச் சொச்சம். 182 நாளுக்கு 67,036 ரூபாய். அவள் வராத 30 நாட்கள் வகுக்கிற எண்ணில் போய் உட்கார்ந்து, சுமார் 13,400 ரூபாயைத் தின்றுவிட்டன. பக்கத்து மிஷின்காரி அந்தக் கம்பெனிக்கு வந்தது சமீபத்தில்தான். அவளுடைய சந்தாக் காலம் வேறு கம்பெனி ஷீட்டில் சரியாக ஏறியிருந்தது.

மாதம் முழுவதற்கும் சம்பளம் உள்ளவருக்கு 30 போடுவதில் தப்பில்லை. பீஸ் ரேட்டுக்காரருக்கும் தினக்கூலிக்கும் அப்படிப் போடக் கூடாது. இதில் ஈ.எஸ்.ஐ.யைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை; நாம் கொடுத்த எண்ணால்தான் அவர்கள் வகுத்தார்கள். சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, கம்பெனி லெட்டர்ஹெட்டில் விளக்கக் கடிதம் எல்லாம் எடுத்துக்கொண்டு மூன்று முறை நடந்தேன். வித்தியாசத் தொகை வந்து சேர்ந்தபோது குழந்தை தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தது. மற்ற 199 பேரில் எத்தனை பேருக்கு இப்படிப் போனதோ. வந்து கேட்டவள் இவள் ஒருத்திதான்.

2017-ல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 ஆனது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26, அதில் பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் வரை எடுக்கலாம். இரண்டு குழந்தை இருக்கும்போது அடுத்ததற்கு 12 வாரம்தான். மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தையைத் தத்தெடுப்பவருக்கும் 12 வாரம் என்று அந்தத் திருத்தம் சொன்னது. ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அந்த மாதம் என் போன் ஓயவில்லை. ஏற்கெனவே விடுப்பில் இருக்கும் பெண்ணுக்கு என்ன செய்வது என்று எல்லாக் கம்பெனியிலும் ஒரே கேள்வி. அவர்களுக்கும் 26 வாரம்தான் என்று மத்திய அரசு விளக்கம் கொடுத்த பிறகே ஓய்ந்தது.

21,000-க்கு மேல் சம்பளம் வாங்கும் சூப்பர்வைசர், மெர்ச்சண்டைசர் பெண்களுக்கு இந்த 26 வாரமும் முழுக்க முதலாளி கையிலிருந்து. "ஆறு மாசம் சும்மா குடுக்கோணுங்களா?" என்று கேட்ட முதலாளியை எனக்கு இருபது வருடப் பழக்கம். மோசமான ஆள் இல்லை. அடுத்த மாதம் ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கும்போது, கல்யாணம் எப்போது என்று கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன். சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈ.எஸ்.ஐ. முறை ஊருக்கே பகிர்ந்து வைத்த பாரம், சம்பளம் 21,000-ஐத் தாண்டியதும் ஒரே தலையில் போய் இறங்குவது நல்ல ஏற்பாடு இல்லை. உச்சவரம்பை உயர்த்துவதுதான் இதற்கு மருந்து என்பது என் எண்ணம்.

இந்த மாதச் சம்பளக்காரர்கள் கணக்கில் ஒரு சின்ன விஷயம். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் அவள் உடம்பு முடியாமல் நான்கைந்து நாள் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருப்பாள். மொத்தத்தை அப்படியே 90-ஆல் வகுத்தால் அந்த நான்கு நாள் வெட்டு 182 நாளுக்கும் அவளைத் துரத்தும். சம்பளம் இல்லாத நாளை மேலேயும் சேர்க்கக் கூடாது, கீழேயும் சேர்க்கக் கூடாது. சட்டத்தின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் வேலை செய்த நாளால் மட்டுமே வகுக்க வேண்டும், மாதச் சம்பளக்காரருக்கும்கூட. அப்படிப் போடும் கம்பெனியை நான் இன்னும் பார்க்கவில்லை. மாதாமாதம் வழக்கமான சம்பளத்தைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள்.

காசு கொடுக்கும் தேதியும் சட்டத்தில் இருக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை, கர்ப்பம் என்று மருத்துவச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். மலையில் பெரிய கிளார்க் இதை அப்படியே செய்தார். கீழே இறங்கிய பிறகு செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இன்னொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கரு கலைந்தாலும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1961-ல் எழுதிய சட்டத்திலேயே இருக்கிறது, ஈ.எஸ்.ஐ.யிலும் இருக்கிறது. நாற்பது வருடத்தில் இதற்காக என்னிடம் கணக்குப் போடச் சொல்லி வந்தவர்கள் நான்கு பேர். செக்கிங் டேபிளில் நிற்கும் ஒரு பெண் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு நான்காம் நாள் வந்தாள். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து லைன் சூப்பர்வைசர் அம்மாதான் என்னிடம் வந்து காதோடு சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் போதும், ஆறு வாரம் வீட்டில் இரு, காசு வரும் என்று சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "ஆபீசுல எல்லாருக்கும் தெரிஞ்சிருமுங்களா?" என்றுதான். மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், 'மருத்துவ விடுப்பு' என்று மட்டும் எழுதினேன். விண்ணப்பத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிரசவக் காசு என்றதும் அரசு கொடுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகையையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அது 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. அது ஏழைத் தாய்மார்களுக்கு அரசு தரும் உதவி. இது உழைத்த கூலியின் தொடர்ச்சி. அதை வாங்கிவிட்டோமே, இது கிடைக்காதோ என்று பேசாமல் இருந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. 1961 சட்டம் அதில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. 26 வாரம் அப்படியே, 80 நாள் அப்படியே, மூன்று மாதச் சராசரியும் அப்படியே. மாறியது 'ஊதியம்' என்ற சொல்லின் விளக்கம். பழைய கணக்கில் வீட்டு வாடகைப் படி உள்ளே இருந்தது. புதிய விளக்கத்தில் அது வெளியே நிற்கும் படிகளில் ஒன்று. வெளியே நிற்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது மட்டும் உள்ளே வரும். 30,000 வாங்கும் பெண்ணுக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000, வாடகை, போக்குவரத்து என்று மீதி 15,000 என்றிருந்தால், எழுத்துப்படி அவளுடைய சராசரி 15,000-த்தின் மீதுதான். முன்னே நாள் எண்ணிக்கையில் சண்டை. இனி வகுபடும் எண்ணில். மறுபடியும் ஒருத்தி கோவை தொழிலாளர் நீதிமன்றத்துப் படியேற வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பத்து வருடம் ஆகாமல் இருந்தால் சரி.

போன வருடத்தோடு ஆபீசை மகனிடம் கொடுத்துவிட்டேன். 15-ஆம் தேதிக்கு முந்தைய நாள் மட்டும் போய் உட்கார்ந்து, ஏற்றப் போகும் ஷீட்டில் நாள் கட்டத்தை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்ப்பேன். ஒரே எண் தொடர்ந்து பத்து வரிக்கு இருந்தால் நிறுத்தி மஸ்டரை எடுக்கச் சொல்வேன்.

வேலைக்குப் போகும் பெண்கள் இதைப் படித்தால், சம்பளச் சீட்டில் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் நாட்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இருக்கும் எண்ணும் நீங்கள் வேலைக்குப் போன நாளும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் அந்த மாதமே போய்க் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு கேட்டால், கைக்குழந்தையோடு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும்.